5 நொடி இருந்தும் பந்தை உள்ளே போட முடியாதது ஏன்? - பாஸ்கெட்பாலில் ஜெயித்த மேட்ச்சைத் தோற்கவைக்கும் ‘த்ரோ-இன்’

ஆட்டம் முடிய 9 நொடிகள். ஸ்கோர் 31-30. முன்னிலையில் இருந்தது நாங்கள். பந்தும் எங்களிடம்தான். கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போட வேண்டும், 9 நொடி பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

விருத்தாசலத்திலிருந்து நெய்வேலிக்கு ஒரு பள்ளிப் போட்டிக்குப் போயிருந்தோம். நான் அப்போது பிளஸ் ஒன். எதிரணி கூடை போட்ட வேகத்தில், பக்கத்தில் இருந்த என் தோழி பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போனாள். அவள் முன்னால் எதிரணிப் பெண் ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். நடுவர் கையை வீசி எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று...

நாலாவது நொடியில் என் பக்கம் பந்தை வீசினாள். அது என் கைக்கு வரவில்லை. குறுக்கே பாய்ந்த ஒரு பெண் பிடித்து, இரண்டே எட்டில் கூடையில் போட்டுவிட்டாள். 31-32. மீதி நொடிகளில் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. “ஏன்டி அப்படிப் போட்ட?” என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. கேட்டது நான்தான். அடுத்த வருடம் பப்ளிக் எக்ஸாமைக் காரணம் சொல்லி அவள் டீமுக்கு வரவில்லை.

போன மாதம் பழைய போனை நோண்டியபோது, அந்தக் கடைசி நிமிடத்தை யாரோ எடுத்து அனுப்பிய வீடியோ கிடைத்தது. பத்து தடவையாவது பார்த்திருப்பேன். தப்பு யார் மேல் என்று இத்தனை வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தது சரியில்லை என்று புரிந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

த்ரோ-இன் என்றால் என்ன?

பாஸ்கெட்பாலில் பந்து கோட்டைத் தாண்டினாலும், ஃபவுல் ஆனாலும், எதிரணி கூடை போட்டாலும், ஆட்டம் மறுபடி தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு வீரர் கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே இருக்கும் சக வீரருக்குப் பந்தை வீச வேண்டும். சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப் புத்தகம் இதை ‘த்ரோ-இன்’ என்கிறது. அமெரிக்காவின் என்பிஏ பார்ப்பவர்களுக்கு ‘இன்பவுண்ட் பாஸ்’ என்ற பெயர் பழக்கமாக இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

பந்து கைக்கு வந்ததிலிருந்து 5 நொடிக்குள் வீசிவிட வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதுவும் நீங்கள் நின்ற அதே இடத்தில். உங்கள் கூடைக்குப் பின்னால் நின்று கோட்டைவிட்டால், எதிரணிக்கு உங்கள் கூடைக்கு அடியிலேயே பந்து கிடைக்கும்.

இந்த 5 நொடி கணக்கு ஏதோ டிவிக்காக வந்தது இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டை உருவாக்கினார். அவர் எழுதியது மொத்தமே 13 விதிகள். அதில் 9-வது விதியிலேயே இருக்கிறது: பந்தை உள்ளே வீசுபவருக்கு 5 நொடி, அதற்கு மேல் வைத்திருந்தால் பந்து எதிரணிக்கு. அப்போது கூடைக்கு பீச் பழக் கூடையைத்தான் மாட்டியிருந்தார்கள். டிரிபிளிங் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கூடை மாறியது, ஆட்டம் மாறியது. அந்த 5 நொடி மட்டும் 130 வருடம் தாண்டியும் அப்படியே இருக்கிறது.

சுலபமாகத் தெரிவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

முதல் காரணம், எண்ணிக்கை. பாஸ்கெட்பால் 5-க்கு 5 ஆட்டம். ஆனால், பந்தை வீசுபவர் கோட்டுக்கு வெளியே நிற்பதால் அந்தச் சில நொடிகள் மட்டும் உள்ளே 4-க்கு 5 ஆகிவிடுகிறது. எதிரணிக்கு ஒரு ஆள் உபரி. அந்த ஆளை வீசுபவர் முன்னால் நிறுத்தி மறைக்கலாம். இல்லையென்றால் உங்கள் சிறந்த வீரருக்கு இரண்டு பேர் காவல் போடலாம். எங்கே ஆள் கூடினாலும் நஷ்டம் நமக்குத்தான்.

இரண்டாவது, கடிகாரம். த்ரோ-இன் சமயத்தில் ஆட்டக் கடிகாரம் நின்றிருந்தால், உள்ளே ஒருவர் பந்தைத் தொட்ட பிறகுதான் அது ஓடத் தொடங்கும். அதனால் முன்னிலையில் இருக்கும் அணிக்கு இந்த நேரத்தில் ஒரு லாபமும் இல்லை. அவர்களுடைய 5 நொடி மட்டும் கரைந்துகொண்டே போகும்.

மூன்றாவது, கட்டுப்பாடுகள். ஃபிபா விதிப்படி, பந்தைக் கையைவிட்டு விடும்வரை வீசுபவர் கோர்ட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. நடுவர் காட்டிய இடத்திலிருந்து பக்கவாட்டில் மொத்தம் 1 மீட்டருக்கு மேல் நகரக் கூடாது. நேராகப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். வீசிய பந்து உள்ளே யார் மேலும் படாமல் வெளியே போனால் பந்து எதிரணிக்கு. நேராகக் கூடைக்குள் விழுந்தாலும் செல்லாது.

நான்காவதுதான் பலருக்கும் தெரியாதது. ஃபிபா விதிப்படி டைம் அவுட்டை ஆடும் வீரர் கேட்க முடியாது, பயிற்சியாளர் தரப்புதான் கேட்க முடியும். அதையும் பந்து வீசுபவர் கைக்கு வருவதற்கு முன்பே கேட்டாக வேண்டும். என்பிஏவில் வீசுபவரே கடைசி நொடியில் டைம் அவுட் கேட்டுத் தப்பிக்கலாம். டிவியில் அதைப் பார்த்துவிட்டு நம்ம ஊர் கோர்ட்டில் ‘டைம் அவுட், டைம் அவுட்’ என்று கத்தினால் நடுவர் எண்ணிக்கொண்டேதான் இருப்பார்.

எங்கள் ஊர் செராமிக் யூனிட்களில் ஃபியூஸ் கேரியர் செய்வார்கள். மெயின் போர்டில் அது இருக்கிறது என்பதே யாருக்கும் நினைவிருக்காது. ஃபியூஸ் போன அன்றைக்குத்தான் எல்லோரும் டார்ச் அடித்துக்கொண்டு அதைத் தேடுவார்கள். த்ரோ-இன்னும் அப்படித்தான். 39 நிமிடம் ஒழுங்காக நடக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது நடக்குமா?

நடந்திருக்கிறது. பாஸ்கெட்பால் வரலாற்றில் மறுபடி மறுபடி போட்டுக் காட்டப்படும் கடைசி நொடிக் காட்சிகளில் பல, யாரோ ஒருவர் பந்தை உள்ளே போட்ட கதைதான்.

1965 ஏப்ரல் 15. பாஸ்டன் செல்டிக்ஸ் - பிலடெல்ஃபியா 76-யர்ஸ், தொடரின் 7-வது ஆட்டம். 5 நொடி பாக்கி. பாஸ்டன் 110-109 என முன்னிலை. பந்தும் பாஸ்டனிடம். எங்கள் நெய்வேலி மேட்ச் மாதிரியே ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம், தங்கள் கூடைக்குப் பின்னாலிருந்து த்ரோ-இன். வீசியது யார் தெரியுமா? பில் ரஸ்ஸல். 13 சீசனில் 11 சாம்பியன் பட்டம் வென்றவர். அவர் வீசிய பந்து, போர்டைத் தாங்கிப் பிடித்திருந்த கம்பியில் பட்டுவிட்டது. பந்து பிலடெல்ஃபியாவுக்கு.

இப்போது பிலடெல்ஃபியா தரப்பில் ஹால் கிரீர் பந்தை உள்ளே போட வேண்டும். பாஸ்டனின் ஜான் ஹாவ்லிசெக் தன் ஆளைப் பார்த்தபடியே மனசுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். 5 நொடிக்குள் பந்து வந்தே ஆக வேண்டும், இன்னும் வரவில்லை என்றால் இதோ இப்போது வரும் என்று கணக்குப் போட்டுத் திரும்பினார். வந்த பந்தைத் தட்டிவிட்டார். பாஸ்டன் ஜெயித்தது. அடுத்து இறுதித் தொடரையும் வென்றது. ஹாவ்லிசெக் பந்தைத் திருடியது இன்றைக்கும் பேசப்படுகிறது. ரஸ்ஸலின் தவறு மறந்தே போனது. ஜெயித்தால் எல்லாத் தவறும் மறந்துவிடும்.

தோற்றவருக்கு அந்தச் சலுகை கிடையாது. 1987 மே 26. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், அதே பாஸ்டனுக்கு எதிராக 107-106 என முன்னிலை. மறுபடியும் 5 நொடி. டெட்ராய்ட் கேப்டன் ஐசேயா தாமஸ் அவசரமாகப் பந்தை உள்ளே போட்டார். அவர்களின் பயிற்சியாளர் சக் டேலி டைம் அவுட் கேட்கச் சொல்லிக் கத்தியது அவர் காதில் விழவில்லை. பந்து பில் லைம்பியரை நோக்கி மெதுவாக மிதந்து போனது. லைம்பியர் அதை எதிர்கொண்டு ஓடி வரவில்லை. இடையில் பாய்ந்த லாரி பேர்ட் பந்தைப் பறித்து டென்னிஸ் ஜான்சனிடம் கொடுக்க, அவர் கூடையில் போட்டார். 108-107. அந்தத் தொடரையும் டெட்ராய்ட் 4-3 என்று இழந்தது.

அதன்பின் 1989, 1990 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம் ஐசேயா தலைமையில் டெட்ராய்ட் வென்றது. ஆனாலும் அந்த ஒரு வீச்சின் வீடியோ அவரை விடவில்லை. அதில் லைம்பியர் நின்ற இடத்திலேயே நின்றதைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்?

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 மார்ச் 27, சிகாகோ. லேக்கர்ஸ் 115-113 என முன்னிலை. பந்தை உள்ளே போட்டவர் லெப்ரான் ஜேம்ஸ். என்பிஏ வரலாற்றில் அதிக பாயின்ட் எடுத்தவர். அந்தப் பந்தை சிகாகோவின் ஜாஷ் கிடி பறித்துக் கொடுக்க, கோபி ஒயிட் மூன்று பாயின்ட் அடித்தார். 116-115. லேக்கர்ஸ் உடனே பதிலடி கொடுத்து 117-116 ஆக்கியது. பாக்கி 3 நொடி சொச்சம். இப்போது த்ரோ-இன் கிடியின் முறை. சக வீரர் பேட்ரிக் வில்லியம்ஸுக்கு வீசினார், உடனே திருப்பி வாங்கினார், பாதி கோர்ட்டுக்கு அப்பாலிருந்து எறிந்தார். கூடை. 119-117.

ஒரே நிமிடத்துக்குள் த்ரோ-இன்னின் இரண்டு முகமும் இதில் இருக்கிறது. வீசியவரிடமிருந்து திருடலாம். ஆனால், வீசி முடித்தவர் உள்ளே காலடி வைத்ததும் அவரைக் காவல் காக்க பெரும்பாலும் ஆள் இருக்காது.

வீசுபவர் முன்னால் ஆள் நிறுத்தணுமா, வேண்டாமா?

பயிற்சியாளர்கள் இன்றும் சண்டை போடும் கேள்வி இது.

1992 மார்ச் 28. அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் டியூக் - கென்டக்கி. கூடுதல் நேரத்தில் 2.1 நொடி பாக்கி. கென்டக்கி 103-102 என முன்னிலை. டியூக்கின் கிராண்ட் ஹில் எதிர் மூலையிலிருந்து பந்தை வீச வேண்டும். கென்டக்கி பயிற்சியாளர் ரிக் பிட்டினோ, ஹில் முன்னால் ஆளை நிறுத்தாமல், பந்து வாங்கப்போகும் கிறிஸ்டியன் லேட்னருக்கு இரண்டு பேர் காவல் போட்டார். யாரும் மறைக்காததால் ஹில் நிதானமாகப் பார்த்து சுமார் 75 அடி தூரம் வீசினார். லேட்னர் பிடித்து, ஒருமுறை தட்டி, திரும்பிப் போட்டார். 104-103.

அதற்கு 20 வருடம் முன்னால், 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. அமெரிக்கா 50-49 என முன்னிலை. சோவியத் யூனியனுக்கு 3 நொடி. அந்தக் கடைசி 3 நொடியைத் திரும்பத் திரும்ப ஆட வைத்ததில்தான் பெரிய சர்ச்சையே. கடைசி முயற்சியில் இவான் எடெஷ்கோ முன்னால் நின்ற உயரமான டாம் மெக்மில்லன், நடுவரின் சைகையைப் பார்த்துப் பின்வாங்கினார். மறைப்பு விலகியதும் எடெஷ்கோ கோர்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வீச, அலெக்ஸாண்டர் பெலோவ் பிடித்துக் கூடையில் போட்டார். 51-50. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே மறுத்துவிட்டார்கள்.

இரண்டிலும் பொதுவான விஷயம் ஒன்றுதான். வீசுபவருக்குப் பார்வை கிடைத்தால் அவருக்கு 5 நொடி என்பது நிறைய நேரம். பார்வையை மறைத்தால் அதே 5 நொடி கண் சிமிட்டுவதற்குள் போய்விடும்.

மறைப்பதற்கும் எல்லை உண்டு. டிஃபென்ஸ் ஆடுபவரின் கை கோட்டுக்கு வெளியே நீளக் கூடாது. கடைசி 2 நிமிடத்தில் நடுவர் இதற்கு முன்கூட்டியே எச்சரிப்பார், மீறினால் டெக்னிக்கல் ஃபவுல். கோட்டுக்குப் பின்னால் சுவரோ வேலியோ இருந்து 2 மீட்டர்கூட இடம் இல்லையென்றால், எதிரணி வீரர் வீசுபவரிடமிருந்து 1 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். காம்பவுண்ட் சுவரை ஒட்டிக் கோர்ட் போட்டிருக்கும் பள்ளிகளில் இது தினசரி விஷயம். 2022-ல் இன்னொரு விதியும் வந்தது: கடைசி 2 நிமிடத்தில் பந்து வீசுபவர் கையில் இருக்கும்போதே உள்ளே டிஃபென்ஸ் ஃபவுல் செய்தால், ஒரு ஃப்ரீ த்ரோவும் கொடுத்து, பந்தையும் திருப்பிக் கொடுப்பார்கள்.

அப்போ, சரியா செய்வது எப்படி?

பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கும் அடிப்படைகள் இவை:

• யார் வீசுவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எடுப்பது இல்லை. உயரமும் நிதானமும் உள்ளவர் எடுக்க வேண்டும்.

• உள்ளே இருக்கும் நாலு பேரும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. நாலு பேரும் நிற்கவும் கூடாது. சதுரமாகவோ ஒரே வரிசையாகவோ நின்று, ஒருவர் இன்னொருவருக்கு ‘ஸ்கிரீன்’ வைக்க வேண்டும். அதாவது, துரத்தி வரும் எதிராளியின் வழியில் அசையாமல் நிற்பது. நண்பர் விடுபட்டு ஓட அரை நொடி கிடைக்கும்.

• வாங்குபவர் பந்தை நோக்கி ஓடி வர வேண்டும். நின்று காத்திருந்தால் இடையில் பாய்பவருக்குத்தான் பந்து.

• போர்டுக்கு நேர் பின்னால் நின்று வீசக் கூடாது. ரஸ்ஸலுக்கு நடந்தது போல மேலே இருப்பதில் பந்து படும்.

• தன் கூடைக்கு முன்னால் குறுக்காக வீசுவது கடைசி வழி. அங்கே பந்து பறிபோனால் அடுத்த நொடி கூடைதான்.

• எதிரணி கூடை போட்ட பிறகு வரும் த்ரோ-இன்னில் மட்டும் 1 மீட்டர் கட்டுப்பாடு கிடையாது. கோட்டுக்குப் பின்னால் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஓடலாம். பின்னால் வந்து நிற்கும் சக வீரருக்குப் பாஸ்கூடக் கொடுக்கலாம். 5 நொடி எண்ணிக்கை மட்டும் நிற்காது.

• கடைசி 2 நிமிடத்தில், தன் பாதியில் பந்து பெற்ற அணி டைம் அவுட் எடுத்தால், இப்போதைய ஃபிபா விதிப்படி எதிர்ப் பாதியில் இருக்கும் த்ரோ-இன் கோட்டிலிருந்து தொடங்கலாமா என்று பயிற்சியாளர் முடிவு செய்யலாம். பந்து பறிபோனாலும் நம் கூடை தூரத்தில் இருக்கும்.

இதில் எதற்கும் பெரிய திறமை தேவையில்லை. பழகியிருந்தால் போதும். ஆனால், சாயங்காலம் ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் ஷூட்டிங், டிரிபிளிங், மேட்ச் என்று நேரம் போய்விடும். த்ரோ-இன் பழகுவது போரடிக்கும். எங்கள் டீமில் ஒரு நாள்கூட அதைத் தனியாகப் பழகியதாக எனக்கு நினைவில்லை.

அந்த வீடியோவில் என்ன இருந்தது?

மேலே இருக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன்.

என் தோழி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். முன்னால் குதிக்கும் பெண்ணைத் தாண்டி எட்டி எட்டிப் பார்க்கிறாள். எதிரணி இப்போதுதான் கூடை போட்டிருக்கிறது. அதாவது, அவள் ஓடலாம். அந்த மூலை காலியாக இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாது.

உள்ளே நாலு பேர். இரண்டு பேர் அப்படியே நிற்கிறார்கள். ஒருத்தி தூரமாக ஓடுகிறாள். நாலாவது ஆள் நான். கையை உயர்த்தி “இங்க, இங்க” என்கிறேன். என் பின்னால் நிற்கும் பெண்ணை நான் பார்க்கவே இல்லை. பந்து கிளம்பும்போது நான் அதை நோக்கி ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. பின்னால் நின்றவள் வைத்தாள்.

வீசியது மட்டும் கண்ணில் படும். அதனால் வீசியவர் மேல் பழி போடுவது சுலபம். நின்றவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆபீஸில் ஒரு ப்ராஜெக்ட் கடைசி நேரத்தில் கவிழ்ந்தால், கடைசியாக மெயில் அனுப்பியவர்தானே முதலில் மாட்டுகிறார்?

வீடியோவை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் இப்போது ஊரிலேயே ஒரு செராமிக் யூனிட்டில் கணக்கு பார்க்கிறாள். கூடவே ஒரு மெசேஜும் அனுப்பினேன்: “தப்பு என்னோடதுடி. நான்தான் ஓடி வரல. அன்னிக்கு பஸ்ல கேட்டிருக்கக் கூடாது. இன்னொண்ணு, ரூல்படி நீ கோட்டுக்குப் பின்னால ஓடியிருக்கலாம்.”

நீல டிக் வந்து ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது.

“ஓடலாமா? யாராச்சும் சொல்லியிருக்கலாம்லடி.”

உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் யாராவது பாஸ்கெட்பால் ஆடினால், இன்று சாயங்காலம் அவர்கள் கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் இதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள். எதிரணி கூடை போட்ட பிறகு, ஓடலாம்.